சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

வல்லம் வழி, விழுப்புரம் மாவட்டம்
ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கலைப்பிரியாவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் உன் வயிற்றுப் பிள்ளையும், மாப்பிள்ளையும் சம்பந்தி அம்மாளும் சுகமாக இருக்க வேண்டும் என்று மயிலம் மலை இருக்கிற திக்கைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். போனில் பாதிப் பேச்சை சிக்னல் தின்றுவிடுகிறது, மீதியை உன் அப்பா பிடுங்கிக்கொள்கிறார். நீ திண்டிவனத்தில் ஆஸ்டலில் படித்தபோது வாரம் தவறாமல் எழுதினேனே, அந்தக் கை இன்னும் இருக்கிறது. எழுதினால்தான் எனக்கு நினைத்ததைச் சொல்லி முடித்த மாதிரி இருக்கிறது.

வாந்தி நின்றதா? நாலாம் மாதத்தோடு நிற்கும் என்பார்கள். உன்னைச் சுமந்தபோது எனக்கு ஆறு வரைக்கும் நிற்கவில்லை, அப்போதே நீ பிடிவாதக்காரி. சம்பந்தி அம்மாள் கொடுப்பதை மூஞ்சி சுளிக்காமல் சாப்பிடு. அவர் கைப்பக்குவம் வேறு, என் கைப்பக்குவம் வேறு. அடம் பிடிப்பதையெல்லாம் இங்கே வந்து என்னிடம் பிடித்துக்கொள்.

நீ வருவதற்குள் உள் அறைக்குச் சிமெண்டு பூசிவிட வேண்டும் என்று உன் அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். சொல்வதோடு நிற்காமல் பூசியும் விட்டார். நீ நம்பமாட்டாய். தரை கொஞ்சம் மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைச் சொன்னால் அவர் சோறு சாப்பிடமாட்டார், அதனால் வழவழவென்று இருப்பதாகச் சொல்லிவைத்திருக்கிறேன். நீயும் வந்து அப்படியே சொல்.

கோழிப் பண்ணையில் என்னை இப்போது மூன்றாவது கொட்டகைக்கு மாற்றியிருக்கிறார்கள். காலையில் ஒரு முறை, மத்தியானம் ஒரு முறை முட்டை பொறுக்க வேண்டும். விரிசல் விட்ட முட்டையை வேலை செய்கிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று முதலாளி சொல்லிவிட்டதால் நம் தெருவில் குழம்பு என்றாலே முட்டைக் குழம்புதான். நாய்கூட முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்து போகிறது. பிள்ளை பெற்ற உடம்புக்கு முட்டை நல்லது. உனக்கு அந்தக் குறை வராது.

உன் அப்பா எரு ஏற்றுகிற டிராக்டரோடு போகிறார். கொட்டகைக்கு அடியில் குவிகிற கோழி எருவை மல்லாட்டைக் கொல்லைக்குப் போட்டால் கடலை நன்றாகப் பிடிக்கிறது என்று ஊரே கேட்டு வாங்குகிறது. காசு வேண்டாம், எடுத்துப் போனால் போதும் என்கிறார் முதலாளி. ஊர்க்காரர்கள் எடுத்தது போக மீதியை ஆற்றங்கரையில் கொட்டி வைக்கிறார்கள். கரை முன்பு இருந்ததைவிட உயரமாகிவிட்டது.

ஈதான் தாங்க முடியவில்லை. உன் அப்பா கொசுவலைக்குள் உட்கார்ந்து சாப்பிடுகிறார். நான் வெளியில் நின்று குழம்புக் கிண்ணத்தை உள்ளே நீட்ட வேண்டும். புது மாப்பிள்ளையாக இருந்தபோதுகூட மனுஷன் என்னை இந்த வேலை வாங்கியதில்லை.

ஆறு எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். ஓரத்தில் பச்சையாக ஏடு கட்டி நிற்கிறது. அது பாசிதான் என்கிறார் அப்பா. குடிக்கிற தண்ணீர் எப்போதும்போல ஆற்றுக் கிணற்றிலிருந்து தொட்டிக்கு ஏறித் தெருக் குழாயில் வருகிறது. பார்த்தால் கண்ணாடி மாதிரிதான் இருக்கிறது. ஆனாலும் உனக்கும் பிள்ளைக்கும் காய்ச்சித்தான் தருவேன். அதற்கென்றே அனந்தபுரம் சந்தையில் ஒரு குண்டான் வாங்கி வைத்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள் அக்கா அந்தக் குண்டானைப் பார்த்துவிட்டு, மறுவாரமே அதைவிடப் பெரிதாக ஒன்று வாங்கிவிட்டாள். அவள் மகள் பிரபாவதி புதுச்சேரியிலிருந்து தலைப்பிரசவத்துக்கு வந்துவிட்டாள். ஐப்பசியில் எதிர்பார்க்கிறார்கள். சாயங்காலம் நம் வீட்டு வாசலில் உட்கார்ந்து, கலை எப்போது வருவாள், கலை எப்போது வருவாள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். உனக்குப் பிறப்பதற்குள் அவள் பிள்ளை தலை நின்றிருக்கும். நீ தூக்கிப் பழகிக்கொள்ளலாம்.

கார்த்திகையில் வளையல் போட்டுக் கையோடு உன்னை அழைத்துவர வருகிறோம். அதுவரை மாடிப்படியில் ஓடாதே.

உன் முகத்தைப் பார்க்கக் காத்திருக்கும் அம்மா,
அம்சவள்ளி

*

கார்த்திகை மாதம், முதல் வாரம்

அன்பு மகள் கலைக்கு,

அம்மா எழுதுகிறேன். இடையில் எழுதவில்லை. மழை, வேலை என்று எதையாவது சொல்லலாம்.

வளைகாப்புக்கு நானும் அப்பாவும் வருகிறோம். வளையல் போட்டுவிட்டுத் திரும்பிவிடுவோம். உன்னை அழைத்துவரப் போவதில்லை. பிரசவம் அங்கேயே ஆகட்டும். இந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் போனை எடுக்காதே, முழுக்கப் படி.

உள் அறை மழையில் ஒழுகுகிறது. அப்பா பூசிய சிமெண்டு பொரிந்து வந்துவிட்டது. அவருக்கு வேறு இடுப்புப் பிடிப்பு. ஓடையில் தண்ணீர் ஏறினால் கூட்டேரிப்பட்டிலிருந்து ஆட்டோ வராது, வலி எடுத்தால் உன்னை யார் தூக்கிப் போவார்கள்? அங்கே உங்களுக்கு இரண்டு தெரு தள்ளி ஆஸ்பத்திரி இருக்கிறது. மாப்பிள்ளை கூட இருக்கிறார். இதெல்லாம் போதாதா?

போதாது என்பாய். தலைப்பிரசவத்துக்கு வராதே என்று எந்தத் தாயாவது சொல்வாளா என்பாய். நான் சொல்கிறேன். செலவுக்குப் பயந்து சொல்கிறாள் என்று நினைத்தால் அப்படியே நினைத்துக்கொள்.

பிரபாவதியைப் பற்றிக் கேட்டாய். பையன் பிறந்தான். அவள் புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டாள். அவளுக்குப் போன் போடாதே, பச்சை உடம்புக்காரி, தூங்கட்டும்.

கோபம் வந்தால் என்மேல் வரட்டும். சோற்றின்மேல் காட்டாதே.

என்றும் உன் நல்லதையே நினைக்கிற,
அம்மா

*

கார்த்திகை மாதம், இரண்டாம் வாரம்

மரியாதைக்குரிய சம்பந்தி அம்மாளுக்கு, விருத்தாசலம் மனைவி அம்சவள்ளி பணிவோடு வணங்கி எழுதுவது.

இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. கூட்டேரிப்பட்டு சேரன், எங்கள் நாத்தனார் மகன், உங்கள் திருப்பூரில்தான் பனியன் கம்பெனியில் இருக்கிறான். லீவு முடிந்து திரும்புகிறான். உங்கள் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். கலை பக்கத்தில் இருந்தால் மடித்து வைத்துவிட்டு, அவள் இல்லாத நேரத்தில் படியுங்கள். எங்கள் வீட்டில் நாலு பேர் பார்த்தும் தெரியாத பிழையைக் கல்யாணப் பத்திரிகையில் கண்டுபிடித்தவர் நீங்கள். இதில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் கடிதம் வந்த அன்று கலை போன் செய்தாள். "எனக்கு அம்மா வூடு இல்லன்னு நெனச்சிக்கிறேன் போ" என்று ஒரே வார்த்தை. அதற்குப் பிறகு எடுப்பதில்லை. நீங்கள் இவரிடம் பேசினீர்கள். முதல் பிரசவத்தை மாமியார் வீட்டில் பார்த்தால் சாதி சனம் என்ன சொல்லும், பெண் வீட்டுக்காரர்களுக்கு அவ்வளவு பாரமாகிவிட்டாளா என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. இவர் போனை என்னிடம் கொடுத்தார். நான் சிக்னல் இல்லாத மாதிரி இரண்டு முறை ஹலோ சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அதற்காகவும் என்னை மன்னிக்க வேண்டும். கலை உங்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் என்று தெரிந்தது. வயிற்றுப் பிள்ளைக்காரி காதில் விழக்கூடாததை நான் எப்படி அந்தப் போனில் சொல்வேன்?

அறை ஒழுகுகிறது என்று அவளுக்கு எழுதியது பொய். அவர் இடுப்பும் நன்றாகத்தான் இருக்கிறது. அவர் பூசிய தரையில் ஒரு கீறல் கிடையாது.

பக்கத்து வீட்டுப் பிரபாவதியின் பிள்ளை இறந்துவிட்டது, அம்மா. இதுதான் காரணம். எப்படி இறந்தது என்றும் சொல்கிறேன், அப்போதுதான் உங்களுக்குப் புரியும்.

எங்கள் ஊருக்கு மேற்கே ஆற்றை ஒட்டிப் பெரிய கோழிப் பண்ணை இருப்பது உங்களுக்குத் தெரியும். நாங்கள் எல்லோரும் அதில்தான் வேலை பார்க்கிறோம். கொட்டகை கழுவுகிற தண்ணீர் ஓடையில் இறங்கி ஆற்றுக்குப் போகும். செத்த கோழியை மூட்டை கட்டி மணலில் போடுவார்கள். எருவைக் கரையில் குவித்து வைத்திருந்தார்கள். ஐப்பசியில் அடித்த முதல் மழை விட்டதும் போய்ப் பார்த்தால், கரையில் குவியல் இல்லை. ஆறு வாரிக்கொண்டு போய்விட்டது. பண்ணையில் எல்லோருக்கும் நிம்மதி, மறுபடி கொட்ட இடம் கிடைத்தது என்று. இரண்டு நாள் மீன் செத்து மிதந்தது. பிறகு தண்ணீர் தெளிந்தது. ஆற்றுக் கிணற்றில் மோட்டார் போட்டார்கள். குழாயில் வந்த தண்ணீரில் நிறமும் இல்லை, வாடையும் இல்லை. அதில் ஏதாவது தெரிந்திருந்தால் நாங்கள் பிள்ளைக்குக் கொடுத்திருக்க மாட்டோம்.

அந்த வாரம்தான் பிரபாவதிக்குப் பையன் பிறந்தான். நல்ல எடை, நல்ல அழுகை. அவளுக்குப் பால் ஊறவில்லை. பூண்டு, சுறாப்புட்டு எல்லாம் கொடுத்துப் பார்த்தோம், ஊறவில்லை. டப்பாப் பாலைக் கரைத்துக் கொடுத்தார்கள். அவள் அம்மா வெள்ளையம்மாள் அக்கா புதுக் குண்டானில் தண்ணீர் காய்ச்சினாள். பச்சைப் பிள்ளைக்குக் கொடுக்கிற தண்ணீரை எப்படிக் காய்ச்சுவோம் என்று உங்களுக்குத் தெரியாததா? கொதித்ததும் இறக்குகிறவள் சோம்பேறி. பாதியாகச் சுண்ட வேண்டும், அப்போதுதான் தண்ணீரில் இருக்கிற கெட்டதெல்லாம் போகும் என்று நாமெல்லாம் அப்படித்தானே வளர்த்தோம். மழை பெய்து ஆறு கலங்கியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் சுண்டட்டும் அக்கா என்று நானும் சொன்னேன். என் வீட்டு விறகைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குண்டான் நிறைய வைத்தால் அடியில் கால் பங்கு நிற்கும். அந்தத் தண்ணீரில்தான் பால் கரைத்தோம். வெறும் தண்ணீராகவும் பாலாடையில் புகட்டினோம்.

ஒரு நாள் காலையில் பிள்ளையைக் கால்மேல் போட்டுக்கொண்டிருந்த பிரபாவதி சாதாரணமாகத்தான் கேட்டாள். "யம்மா, புள்ள ஒதடு இன்னாத்துக்கு நாவப்பழம் தின்னாப்ல கெடக்குது?"

குளிர் என்றோம். துணி சுற்றி வெயிலில் காட்டினோம். விரல் நகமும் நீலமாக இருந்தது. அழுகை குறைந்து, பிள்ளை சோர்ந்து கிடந்தது. பசிக்களைப்பு என்று நினைத்து இன்னொரு பாலாடை புகட்டினோம். அம்மா, அதை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூச்சுத் திணறுகிற பிள்ளைக்கு அதே தண்ணீரை மறுபடியும் கொடுத்தோம்.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நானும் வேனில் இருந்தேன். ஊசியில் ரத்தம் எடுத்தார்கள். அது சிவப்பாக இல்லை. கரைத்த கேப்பைக் கூழ் நிறத்தில் இருந்தது. எங்கள் கலை வயதுதான் இருக்கும் அந்த டாக்டருக்கு. என்ன தண்ணீர் கொடுத்தீர்கள் என்று கேட்டார். சுண்டச் சுண்டக் காய்ச்சித்தான் கொடுத்தோம் என்று வெள்ளையம்மாள் அக்கா பெருமையாகச் சொன்னாள். அந்த டாக்டர் பெண் கண்ணை மூடிக்கொண்டார். கோழி எருவில் இருக்கிற உப்பு மழையில் கரைந்து தண்ணீரில் இறங்கியிருக்கிறது, காய்ச்சினால் கிருமிதான் சாகும், உப்பு போகாது, தண்ணீர் குறையக் குறைய அது கூடத்தான் செய்யும், பெரியவர்கள் தாங்குவார்கள், பச்சைக் குழந்தையின் ரத்தம் தாங்காது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். எங்களைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ரசத்தில் உப்பு கூடிப்போனால் கொதிக்க வைத்துக் குறைக்க முடியாது என்று எந்தப் பொம்பளைக்குத் தெரியாது? தண்ணீர் விஷயத்தில் எங்கள் ஒருத்திக்கும் அது தோன்றவில்லை.

சாயங்காலம் பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். பெயர்கூட வைத்திருக்கவில்லை.

பிறகு நடந்ததைச் சொல்ல ஒன்றும் இல்லை. அதிகாரிகள் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போனார்கள். குடிக்கக் கூடாது என்று குழாய்க்குச் சிவப்புப் பெயிண்டு அடித்தார்கள். இப்போது அந்தச் சிவப்புக் குழாயில்தான் வரிசையில் நின்று பிடிக்கிறோம். வேறு குழாய் இல்லை. பண்ணை ஒரு நாளும் நிற்கவில்லை. நின்றால் எங்கள் தெருவில் அடுப்பு எரியாது, அது பண்ணைக்காரருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். வெள்ளையம்மாள் அக்கா பத்து நாள்கூட வீட்டில் இருக்கவில்லை, வேலைக்கு வந்துவிட்டாள். நானும் அவளும் எதிரெதிர் வரிசை. முட்டை உருண்டு வந்துகொண்டே இருந்தது. பொறுக்கிக்கொண்டே இருந்தோம்.

கோழிக்கு மட்டும் நல்ல தண்ணீர் வருகிறது, அம்மா. சுத்தம் பண்ணுகிற மெஷினே வைத்திருக்கிறார்கள். கொட்டகைக்குள் தனிக் குழாயில் சொட்டுச் சொட்டாக ஒவ்வொரு கூண்டுக்கும் போகிறது. கலை வந்தால் அதிலேயே தினம் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு வந்துவிடலாம் என்று எனக்கு ஒரு யோசனை. ஒரு நாள் புடவைத் தலைப்பில் மறைத்து எடுத்து வந்தேன். கேட்டில் வாங்கிக் கீழே ஊற்றிவிட்டார்கள்.

கேன் தண்ணீர் வாங்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நாங்களும் அதைத்தான் நினைத்தோம். இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கேன் வண்டியின் பின்னாலேயே போய்ப் பார்த்தார். எங்களுக்குக் கிழக்கே, அதே ஆற்றங்கரையில் போர் போட்டு, அப்படியே பிடித்து மூடி போட்டுக் கொண்டுவருகிறார்கள். திரும்பி வந்தவர் சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை, அப்படியே சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். "நான் ஏத்திக்கினு போய் கொட்னதுதான், அம்சா" என்றார். இவ்வளவு வருஷத்தில் இவர் அழுது நான் பார்த்ததில்லை. மறுநாள் காலையில் டிராக்டர் வந்து ஹாரன் அடித்தது. போனார்.

தாய்ப்பால் மட்டும் கொடுத்தால் பயமில்லை என்று டாக்டர் சொன்னது உண்மைதான். ஆனால் கலைக்குப் பால் ஊறும் என்று எனக்கு யார் எழுதித் தருவார்கள்? பிரபாவதிக்கும் ஊறும் என்றுதான் இருந்தோம்.

மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தபோது உங்கள் ஊர்ப் பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? சாயத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் ஊரில் ஆறுகூடப் புடவை கட்டியிருக்கிறதே என்று நான் கேலி பேசினேன். எங்கள் ஆற்றில் கையை விட்டால் ரேகை தெரியும் என்றும் சொன்னேன். நீங்கள் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தீர்கள். குழாயில் எங்கிருந்தோ தூரத்து ஆற்றிலிருந்து வருகிறது என்றீர்கள். அந்தத் தண்ணீரைத்தான் இப்போது என் பேரப்பிள்ளைக்காக உங்களிடம் கேட்கிறேன். அன்றைக்குப் பேசியதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

வளைகாப்புக்கு வருகிறோம். வளையல், பூ, பழம், புடவை எல்லாம் கொண்டுவருவேன். கட்டுச்சோறு கொண்டுவர மாட்டேன். தாய் வீட்டுக் கட்டுச்சோறு இல்லாத வளைகாப்பா என்று உங்கள் பக்கத்துச் சனங்கள் கேட்பார்கள். புளி, எலுமிச்சை, தேங்காய், அரிசி எல்லாம் மூட்டையாகக் கொண்டுவந்துவிடுகிறேன். விடியற்காலையில் உங்கள் அடுப்பை எனக்குக் கொஞ்ச நேரம் கொடுங்கள். உங்கள் தண்ணீரில் பொங்கிப் போடுகிறேன். கேட்கிறவர்களிடம் வழியில் கெட்டுப்போகும் என்று இங்கேயே செய்தாள் என்று சொல்லிவிடுங்கள்.

கலையிடம் இப்போது எதுவும் சொல்ல வேண்டாம். பிள்ளை பிறந்து, அவளுக்கு நல்லபடியாகப் பால் ஊறி, பிள்ளை தலை நின்ற பிறகு சொல்லுங்கள். அதுவரை அவள் என்னைத் திட்டினால் தடுக்காதீர்கள். நீங்களும் கூடச் சேர்ந்து இரண்டு வார்த்தை திட்டுங்கள், அவளுக்கு ஆறுதலாக இருக்கும்.

அவளுக்கு வலி வந்தால் வாய்விட்டுச் சொல்லமாட்டாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கால் கட்டைவிரலை உள்ளே மடக்கிக்கொண்டு, எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பாள். அப்படி நிற்பதைப் பார்த்தால் ஒன்றும் கேட்காமல் வண்டியைக் கூப்பிடுங்கள். பிரசவம் முடிந்து முதலில் மிளகு ரசம் சோறு கேட்பாள். முட்டை கொடுக்க வேண்டாம். ஏன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை, கொடுக்க வேண்டாம்.

இந்தப் பக்கம் பிள்ளை எப்போது வரும் என்று நான் உங்களைக் கேட்கமாட்டேன். பிள்ளையைப் பார்க்க நாங்களே வருகிறோம். அவள் கோபத்தில் உள்ளே விடாவிட்டால் வாசலில் நின்று பார்த்துவிட்டு வருகிறோம்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிறந்ததும் எந்த நேரமானாலும் போன் செய்யுங்கள். இவர் எடுத்தாலும் நான் எடுத்தாலும், ஆணா பெண்ணா என்பதை அப்புறம் சொல்லலாம். பிள்ளையின் உதடு என்ன நிறம் என்று முதலில் சொல்லுங்கள்.

உங்கள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கேட்பதாக நினைத்துக்கொள்ளவும்.

அம்சவள்ளி